புளி போட்டுக் கழுவிய தோட்டாக்கள்

2024 மே 11, சனிக்கிழமை. ஐந்தரைக்கு எழுந்தேன். பல்கனியில் தொங்கும் வெப்பமானியைப் பார்த்தேன். ஒன்பது பாகை, வானத்தில் முகில் இல்லை. இரண்டையும் நாட்குறிப்பில் எழுதினேன். (இருபத்தாறு வருடங்களாக எழுதுகிறேன். பிராங்பேர்ட்டின் பழைய வெப்பநிலையை இதுவரை ஒருவரும் என்னிடம் கேட்டதில்லை. கேட்டால் இருக்கிறது.) பிறகு தேநீர், சவரம், வாரம் முழுவதும் காலில் போட்ட சப்பாத்துகளைத் துடைத்து வரிசையில் வைத்தல். எட்டு மணிக்கு மனைவி சாந்தி தமிழ்ப் பள்ளிக்குப் படிப்பிக்கப் புறப்பட்டாள்.

"பள்ளி முடிய வீட்டை வந்து, ரெண்டு பேருமாத் தோட்டத்துக்குப் போவம்," என்றாள். "அதுக்கிடையில அங்க போய் ஒண்டும் புதுசாச் செய்யாதேங்கோ."

"சும்மா ஒருக்காப் பாத்திட்டு வாறன்."

"பாக்கிறதோட நிப்பாட்டுங்கோ."

கதவைச் சாத்தும்போது அவள் முகத்தில் நம்பிக்கை இருக்கவில்லை. முப்பது வருடத் தாம்பத்தியம் கொடுக்கும் அறிவு அது.

அன்று பிற்பகல் மூன்று மணி எங்கள் வீட்டில் பெரிய விஷயம். இங்கே நகரத்தில் மாடிவீட்டில் இருப்பவர்கள், நகரின் ஓரத்தில் சங்கம் நடத்தும் தோட்டங்களில் ஒரு துண்டைக் குத்தகைக்கு எடுக்கலாம். எடுக்கலாம் என்று சொல்வது சுலபம். காத்திருப்போர் வரிசையில் சாந்தி ஆறு வருடம் நின்றாள். ஐந்தாம் மாடிப் பல்கனியில் தொட்டியில் வைத்த வெண்டியும் பாகலும் ஒவ்வொரு கோடையும் அவளை ஏமாற்றின. கடைசியில் தண்டவாளக் கரையோரம் ஒரு துண்டு கிடைத்தது. முதல் நாள் அவள் செருப்பைக் கழற்றிவிட்டு மண்ணில் கொஞ்ச நேரம் நின்றாள். ஆனால் முதல் வருடம் பரீட்சார்த்தம். வருட முடிவில் சங்கத்தின் நிர்வாகக் குழு வந்து பார்க்கும். ஒழுங்காக வைத்திருந்தால் நிரந்தரக் குத்தகை, இல்லாவிட்டால் அடுத்த ஆளுக்குப் போய்விடும். குழு வரும் நாள்தான் அன்று.

ஒழுங்குக்கா என்னிடம் பஞ்சம்? வேலிச் செடியை அளவுநாடா பிடித்து வெட்டியிருந்தேன். புல்லின் ஓரத்தைக் கத்தரிக்கோலால் நேராக்கியிருந்தேன். (தையல் கத்தரிக்கோல். சாந்திக்கு இன்னும் தெரியாது.) தோட்டத்தில் ஒரே ஒரு குறைதான் மிச்சம். கொட்டிலின் வாசலில் பதித்த கல்லில் ரசமட்டத்தை வைத்தால் குமிழி நடுவில் நிற்கவில்லை. இடப்பக்கம் ஓடியது. மனிதக் கண்ணுக்குத் தெரியாத சாய்வு. குழுவில் மூன்று பேர் வருகிறார்கள், மூவரில் ஒருவராவது ரசமட்டத்தோடு வருவார் என்று நான் உறுதியாக நம்பினேன்.

கல்லைக் கிளப்பினேன். கீழே மண்ணை ஒரு கை வெட்டியதும் மண்வெட்டி தகரத்தில் பட்டது. துருப்பிடித்த பெட்டி. மூடி கையோடு வந்தது. உள்ளே, ஐந்தைந்தாகத் தகடுகளில் செருகியும் சில உதிரியாகவும் துவக்குத் தோட்டாக்கள். பச்சையும் கறுப்புமாகக் களிம்பு பிடித்து, சேற்றோடு ஒட்டிக் கிடந்தன.

இந்த இடத்தில் வாசகர் ஒன்றைக் கேட்பார். யாழ்ப்பாணத்திலிருந்து யுத்தத்துக்குப் பயந்து ஓடிவந்தவனுக்கு இதைக் கண்டதும் என்ன செய்ய வேண்டும் என்று தெரியாதா? தெரியாது. எனக்கு இவற்றின் சத்தம் தெரியும். சத்தம் கேட்டால் எந்தப் பக்கம் படுக்க வேண்டும் என்று தெரியும். பேசாமல் கிடக்கும் தோட்டாவோடு எனக்குப் பழக்கமில்லை. விரல் நீளத்தில், கடுகுத் தாளிதம் தெறித்தாலே பெரிய சத்தம் என்று சொல்லும்படியாக, அவ்வளவு சாதுவாகக் கிடந்தன.

பொலிசுக்குச் சொல்ல வேண்டும் என்பது மட்டும் உடனே தெரிந்தது. எப்படிச் சொல்வது என்பதில்தான் நான் வழுக்கினேன்.

இருபது வயதில் அகதியாக வந்த நாளிலிருந்து இந்த நாட்டின் அலுவலகங்கள் எனக்கு ஒரே ஒரு பாடத்தைத்தான் சொல்லித் தந்தன. அரைகுறையாகப் போகாதே. ஒரு தாள் குறைந்தால் அன்ட்ராக், அதாவது விண்ணப்பம், திரும்பி வரும். திரும்பி வந்தால் அதிகாரியைப் பார்க்கப் புது டெர்மின். டெர்மின் கிடைக்க இரண்டு மாதம். "தோட்டத்தில் ஏதோ தோட்டா கிடக்கிறது" என்று சொன்னால் எதிர்ப்பக்கத்தில் என்ன கேட்பார்கள்? என்ன வகை, எத்தனை, எந்த வருடம், எந்த நிலையில். நான் தடுமாறுவேன். அவர்கள் தோட்டத்தைப் பூட்டுவார்கள். மூன்று மணிக்குக் குழு வந்து பூட்டைப் பார்த்துவிட்டுப் போகும். மாறாக எல்லா விபரமும் கையில் இருந்தால், ஒரு ஆள் வருவார், வாங்குவார், கையெழுத்துப் போடுவார், போவார்.

(இந்த வாதத்தை இப்போது வாசிக்கும்போதும் அதில் ஒரு ஓட்டையும் தெரியவில்லை. முடிவு மட்டும்தான் பிழை.)

ஆகவே தோட்டாக்களை எடுத்து, விதை கொண்டுவந்த ஐஸ்கிரீம் டப்பாவில் அடுக்கி, மூடி, பையில் வைத்து, கல்லைத் திரும்பப் பதித்து, எஸ்-பான் ரயிலில் ஏறினேன். டப்பா மடியில். எதிரே ஒரு அம்மாவும் நான்கு வயதுப் பிள்ளையும். பிள்ளை டப்பாவின் படத்தையே பார்த்துக்கொண்டு வந்தது. "ஸ்ட்ராபெரி," என்றது. நான் சிரித்தேன். என் வாழ்வில் எத்தனையோ வெட்கக்கேடுகள் உண்டு. அந்தச் சிரிப்பை நினைத்தால்தான் இன்றும் வியர்க்கிறது.

வீட்டில் சமையலறை மேசையில் பத்திரிகை விரித்து வேலையைத் தொடங்கினேன். தோட்டாவின் அடித்தட்டில் எழுத்தும் எண்ணும் பொறித்திருந்தன. பூதக்கண்ணாடி பிடித்தும் வாசிக்க முடியவில்லை. ஒரு படம் எடுத்து மூன்றாம் மாடி கார்த்திக்குக்கு அனுப்பினேன். கார்த்திக் சென்னைப் பையன், கம்ப்யூட்டர் வேலை, இணையத்தில் எதையும் தேடி எடுப்பவன். ஐந்து நிமிடத்தில் கூப்பிட்டான்.

"அண்ணா, இது செகண்ட் வேர்ல்ட் வார் ஐட்டம். செமயா இருக்கு. எங்க வாங்குனீங்க?"

"வாங்கேல்லை தம்பி. கிடைச்சது. என்ன வகை எண்டு சொல்ல ஏலுமோ?"

"அடியில எழுதியிருக்கறத வெச்சு ஃபேக்டரி, வருஷம் எல்லாமே கண்டுபிடிக்கலாமாம். ஆனா ஃபோட்டோல ஒரே அழுக்கு. லைட்டா க்ளீன் பண்ணி க்ளோஸ்-அப்ல அனுப்புங்க."

லைட்டாக எதையும் செய்து எனக்குப் பழக்கமில்லை. பித்தளையில் களிம்பு. எங்கள் வீட்டில் பித்தளையில் களிம்பு பிடித்தால் என்ன செய்வோம்? வெள்ளிக்கிழமை விளக்குக்கு என்ன செய்வோமோ அதையே செய்தேன். பழப்புளியை ஊறவைத்துப் பிசைந்தேன். ஒரு கைப்பிடி உப்பு. ஒவ்வொரு தோட்டாவாக எடுத்து, பூசி, ஊறவிட்டு, தேங்காய்த் தும்பால் தேய்த்தேன். சிலதின் நுனியில் கறுப்பாக ஒரு பிடிவாதமான ஊத்தை இருந்தது. பல் துலக்கும் பழைய பிரஷ்ஷால் அதையும் விடவில்லை. பித்தளை மஞ்சளாகத் திறந்து வந்தது. அடித்தட்டு எழுத்து கண்ணாடி இல்லாமலே தெரிந்தது. வேர்னியர் அளவுகோல் வைத்து உறையின் நீளத்தை அளந்தேன், ஐம்பத்தேழு மில்லிமீட்டர். எல்லாவற்றையும் வருட வாரியாகப் பிரித்து, சாந்தியின் எவர்சில்வர் தட்டில் வரிசையாக நிறுத்தி, காய்வதற்குத் தெற்கு யன்னலில் வைத்தேன். மே மாத வெயில் அதில் விழுந்து கூரையில் ஒளி அடித்தது. சொல்ல வெட்கம்தான், ஆனால் அழகாக இருந்தது.

அப்போது சாந்தி உள்ளே வந்தாள். முதலில் புளிச்சட்டியைப் பார்த்தாள், பிறகு பிரஷ்ஷை, பிறகு தட்டை. கைப்பையை மெதுவாகக் கீழே வைத்தாள்.

"இஞ்சாருங்கோ. உது சன்னமெல்லே."

"ஓம். இருபத்திமூண்டு. ரெண்டு வருசத்தது. முழு விபரமும் எடுத்திட்டன்."

"வெடிச்சு முடிஞ்சதோ?"

நான் தட்டைப் பார்த்தேன். அந்தக் கேள்வியை நான் என்னிடம் கேட்கவே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. குண்டு உறையில் இருந்தது. அடித்தட்டின் நடுவில் சுடுமுள் அடித்த பள்ளம் இல்லை.

"இல்லை," என்றேன்.

"உதுகளுக்குப் பயந்துதானே ஊரை விட்டு வந்தனாங்கள்," என்றாள் அவள், குரலை உயர்த்தாமல். "இஞ்ச வந்து அதுக்குப் புளி போட்டுக் கழுவிறியள். உங்களுக்கு விசரே?"

"பொலிசுக்குக் குடுக்கேக்கை துப்பரவா..."

"எடுங்கோ ஃபோனை."

"சாந்தி, மூண்டு மணிக்குக் குழு வரப்போகுது. இப்ப சொன்னால் தோட்டத்தை..."

"தோட்டம் போனால் போகட்டும். எடுங்கோ."

ஆறு வருடம் வரிசையில் நின்றவள் சொல்கிறாள். எடுத்தேன்.

மறுமுனையில் ஒரு இளம் பொலிஸ்காரர். உரையாடல் ஜெர்மனில் நடந்தது, தமிழில் தருகிறேன். நான் எண்ணிக்கை, வருடம், எழுத்துகள், நீளம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் ஒப்புவித்தேன். ஒரு கேள்விக்கும் இடம் வைக்கவில்லை.

"நீளத்தை நீங்கள் அளந்தீர்களா?"

"ஆம். கழுவிய பிறகு."

"கழுவினீர்கள்."

"புளியால். அது ஒரு புளிப்பான பழம்."

"இப்போது அவை எங்கே?"

"சமையலறை யன்னலில். காய்கின்றன. அங்கேதான் வெயில் நன்றாக விழும்."

அவர் குரல் மாறியது. எதையும் தொடாதீர்கள், தட்டை நகர்த்தாதீர்கள், வீட்டை விட்டு இப்போதே வெளியேறுங்கள், படிக்கட்டில் உள்ள எல்லா வீட்டுக் கதவையும் தட்டுங்கள் என்றார்.

பத்து வீடுகள். பதினைந்து வருடமாக "காலை வணக்கம்" மட்டும் சொல்லிய அயலவர்களிடம் கதவு கதவாகப் போய், என் சமையலறையில் வெடிபொருள் இருக்கிறது, தயவுசெய்து கீழே வாருங்கள் என்று சொன்னேன். நான்காம் மாடி அம்மையார் பூனையோடும் அரைவாசி சுருட்டிய தலைமுடியோடும் வந்தார். கார்த்திக் அரைக்காற்சட்டையோடு, திறந்த மடிக்கணினியைத் தட்டுப் போலத் தாங்கிக்கொண்டு இறங்கினான். காதில் யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள். "ஒன் மினிட், இங்க ஒரு சின்ன பாம் இஷ்யூ," என்று அவர்களிடம் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினான்.

"அண்ணா, லைவ்வா அது? நான் ஏதோ ஷோகேஸ் ஐட்டம்னு நினைச்சேன்."

"நீரும் சேர்ந்துதான் செய்தனீரோ தம்பி?" என்றாள் சாந்தி.

"அக்கா, நான் லைட்டா தொடைக்கத்தான் சொன்னேன். புளி ஊத்தச் சொல்லவே இல்ல."

தெரு அடைக்கப்பட்டது. வெடிபொருள் அகற்றும் பிரிவிலிருந்து ஒரு பெண்ணும் ஒரு ஆணும் வந்தார்கள். பெண்தான் பொறுப்பு. மேலே போய்க் கொஞ்ச நேரத்தில் கீழே வந்தார். கோபமாக இல்லை. பல்வைத்தியர் எக்ஸ்ரே படத்தைப் பார்த்துவிட்டு வருவது போல வந்தார்.

"இந்த வகையில் சிலவற்றுக்குக் குண்டின் நுனியிலோ அடித்தட்டிலோ நிறம் பூசியிருப்பார்கள்," என்றார். "சாதாரணக் குண்டா, எரிந்துகொண்டு பறப்பதா, உள்ளே பொசுபரசு அடைத்ததா என்று நாங்கள் முதலில் அதைத்தான் பார்ப்போம். உங்கள் தட்டில் ஒன்றிலும் நிறம் இல்லை."

"முதலில் இருந்தது," என்றேன். "நான்கைந்தில், நுனியில், கறுப்பாக. ஊத்தை என்று நினைத்தேன்."

"போய்விட்டதா?"

"முழுவதும். கொஞ்சம் சிரமப்பட்டுத்தான் போனது."

எழுத்தை வாசிப்பதற்காக, வாசிக்க வேண்டியதைத் தேய்த்து அழித்திருக்கிறேன். பழைய தோட்டாவில் உள்ளே இருப்பது எப்படி மாறியிருக்கும் என்று யாருக்கும் தெரியாது, துரு தின்ற உறை எப்போது கசியும் என்றும் தெரியாது, பொசுபரசு தீப்பிடிக்கக் காற்றே போதும், நீங்கள் வெயிலையும் கொடுத்திருக்கிறீர்கள் என்று அவர் பொறுமையாகச் சொன்னார். வகை தெரியாததால் எல்லாவற்றையும் மிக மோசமான வகை என்று எடுத்துக்கொண்டுதான் இனிக் கீழே இறக்க வேண்டும்.

"நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள்?" என்று கேட்டார்.

"விமான நிலையச் சரக்குப் பகுதியில். ஆபத்தான பொருட்களின் பொதியில் சரியான அடையாளச்சீட்டு ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பது."

அவர் திரும்பி நின்று கையுறையைச் சரிசெய்தார். வெகுநேரம் சரிசெய்தார். தோள் குலுங்கியது.

தோட்டாக்கள் அவர்களுடைய பெட்டியில் பாதுகாப்பாக இறங்கி, தெரு திறந்தபோது மூன்று ஆகப் பத்து நிமிடம். கண்டெடுத்த இடத்தைக் காட்ட வேண்டும் என்றார்கள். ஆகவே, ஒரு வருடமாக நான் நாள் குறித்துக் காத்திருந்த பரிசோதனைக்கு, நானும் சாந்தியும் பொலிஸ் வாகனத்தின் பின் ஆசனத்தில் போய் இறங்கினோம். தோட்டத்து வாசல் படலையில் சங்கத் தலைவரும் குழுவினர் இருவரும் நின்றார்கள். தலைவர் எழுபது வயது, நெடுத்தவர். என் வேலியைப் பார்த்துத் தலையசைத்துக்கொண்டிருந்தவர், எங்களைப் பார்த்ததும் அசைவை நிறுத்தினார்.

யாரும் ரசமட்டம் கொண்டுவரவில்லை.

அவர்களின் உலோகம் தேடும் கருவி கொட்டில் வாசலில் கூவியது. கல்லைத் தூக்கிக் கிண்டினார்கள். இன்னொரு பெட்டி இருந்தது. அதில் நிறம் நிறமாக எல்லா அடையாளமும் அப்படியே இருந்தது. அந்தப் பெண் அதைப் பார்த்துச் சந்தோசப்பட்டார். முழுத் துண்டையும் பரிசோதிக்கும் வரை வாசல் பக்கம் மண் வெட்டக் கூடாது என்று சிவப்பு வெள்ளை நாடா கட்டினார்கள்.

தலைவர் தொண்டையைச் செருமினார். "விதி எளிது. இப்படி ஏதும் கண்டால் தொடாமல் விலகிப் பொலிசுக்கும் சங்கத்துக்கும் உடனே சொல்ல வேண்டும். நீங்கள் கிளப்பினீர்கள், ரயிலில் கொண்டுபோனீர்கள், கழுவினீர்கள். உங்களை நான் எப்படிச் சிபாரிசு செய்வது?"

மூவரும் அப்பிள் மரத்தடியில் ஒதுங்கினார்கள். சாந்தி வேலிக் கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். விரல்கள் வெளுத்திருந்தன. அப்போதுதான் எனக்கு உண்மையாகவே பயம் வந்தது. தட்டில் நின்ற தோட்டாக்களுக்கு வராத பயம்.

அவள் நேரே மரத்தடிக்குப் போனாள்.

"இவருக்குக் கெட்ட எண்ணம் இல்லை," என்றாள் தன் பள்ளிக்கூட ஜெர்மனில். "ஒழுங்கு கூடிப்போன நோய். தோட்டத்தை எனக்குத் தாருங்கள். தேவையானால் இவரைப் படலைக்கு வெளியில் நிறுத்துகிறேன்."

குழுவில் இருந்த பெண்மணி முதலில் சிரித்தார். தலைவர் சிரிக்கவில்லை, ஆனால் தாடையைத் தடவினார். முடிவு இப்படி வந்தது: பரீட்சார்த்தம் இன்னும் ஒரு வருடம் நீடிக்கும். ஒரு நிபந்தனை. இந்தத் தண்டவாளக் கரை முழுவதும் ஒரே மண் என்பதால், எல்லாத் தோட்டத்துக்கும் நானே நேரில் போய், என்ன கண்டால் என்ன செய்ய வேண்டும், முக்கியமாக என்ன செய்யக் கூடாது என்று சொல்ல வேண்டும். "உங்களை விட விபரமாக அதைச் சொல்லக்கூடியவர் இங்கே இல்லை," என்றார்.

அந்த நாள் எங்கள் வீட்டில் ஒரு வினைச்சொல்லாக நிலைத்துவிட்டது. டிரெஸ்டனில் படிக்கும் மகள் பரீட்சைக்கு முதல்நாள் குறிப்பு முழுவதையும் திரும்ப எழுதத் தொடங்கினால், "அம்மா, நான் அப்பா மாதிரிப் புளி போடுறன், என்னை நிப்பாட்டுங்கோ," என்பாள். கார்த்திக்கின் அலுவலகத்திலும் அது பரவியிருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் நிரலை அழகாக்கப் போய் உடைத்துவிட்டால், தமிழே தெரியாத அவன் சகாக்கள், "யார் புளி போட்டது?" என்று கேட்கிறார்களாம். எனக்கு மரியாதையாக ஒரு பெயர் கிடைக்க வேண்டும் என்று ஐம்பத்துநான்கு வருடம் உழைத்தேன். கிடைத்தது இது.

மே 12, ஞாயிற்றுக்கிழமை. பதினொரு பாகை, மெல்லிய முகில். முதல் வேலையாக சாந்தியும் நானும் தோட்டத்துக்குப் போய், வரிசையின் முதல் துண்டிலிருந்து தொடங்கினோம். எண்பது தாண்டிய ஒரு அம்மையார் ரோசாவுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். நான் எழுதாமலே மனப்பாடம் செய்த நான்கு வசனத்தையும் சொன்னேன். தொட வேண்டாம். கழுவ வேண்டாம். தள்ளி நில்லுங்கள். பொலிசின் நூற்றுப்பத்துக்கு அழையுங்கள்.

அம்மையார் ஆர்வமாகக் கேட்டார். "அட, என் கணவர் அப்படி ஒன்றைக் கண்டெடுத்துக் கொட்டில் தட்டில் வைத்திருந்தார். நான் வருடா வருடம் தூசு தட்டுவேன். பெரியது, இவ்வளவு. நுனியில் மஞ்சளாக ஒரு வளையம் கூட இருக்கிறது. வாருங்கள், காட்டுகிறேன்."

என் கால் ஒரு அடி முன்னே போனது உண்மை. சாந்தி என் சட்டையின் பின்பக்கத்தைப் பிடித்தாள்.

நான் பார்க்கவில்லை. எவ்வளவு நீளம் என்று கேட்கவில்லை. அம்மையாரின் கையைப் பிடித்துத் தெருவுக்குக் கூட்டிவந்து, தொலைபேசியை எடுத்தேன். என்ன வகை என்று மறுமுனை கேட்டது.

"தெரியாது," என்றேன்.